சலவைக்கூடத்தில் வயிற்றுவலி

என் வீட்டு மகாராணிக்கு,

நேரில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால் எழுதி, உன் காப்பிக் கோப்பைக்கு அடியில் வைத்துவிட்டு வேலைக்குப் போகிறேன்.

எனக்கு மருத்துவக் காப்பீடு கிடைத்துவிட்டது. உனக்கும் சேர்த்துத்தான்.

ஓட்டல் சலவைக்கூடத்தில் என்னைப் போன்ற பகுதி நேர ஆட்களுக்கு, மூன்று மாதம் விடாமல் வாரம் முப்பது மணி நேரம் வேலை பார்த்தால்தான் காப்பீடு. அந்த முப்பதைத் தொடவிடாமல் வெள்ளிக்கிழமை மதியமே சூப்பர்வைசர் என்னை வீட்டுக்கு விரட்டிவிடுவார். இந்த முறை அவர் பாச்சா பலிக்கவில்லை. வெள்ளி தவறாமல் முழுநேர ஆள் யாருக்காவது வயிற்றுவலி வந்துவிட்டது. போர்வைகள் மலைபோல் குவிந்து கிடக்க, என்னை நிறுத்திக்கொள்வதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

போன வாரம் இஸ்திரி போடும் அக்காவிடம் கேட்டேவிட்டார்: “என்னம்மா, இன்னிக்கு உன் முறையா?”

“ஆமா சார், நேத்தே சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன்” என்று அக்கா உளறிவிட்டாள். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்துவிட்டார்.

நீ விலாவைப் பிடித்துக்கொண்டே பாத்திரம் தேய்ப்பதை ஒருநாள் கூட வேலை பார்க்கிறவர்களிடம் வாய்தவறிச் சொன்னேன், அவ்வளவுதான். தங்கள் அரை நாள் கூலி போனது பற்றி ஒருத்தரும் மூச்சுவிடவில்லை.

நாளைக் காலை டாக்டரிடம் போகிறோம். “ஒண்ணுமில்லைங்க, வாயுதான்” என்று ஆரம்பிக்காதே. உனக்காக ஒரு சலவைக்கூடமே இல்லாத வலியில் துடித்திருக்கிறது. இருக்கிற வலியை நீ ஒத்துக்கொள்ளக் கூடாதா, கண்ணு?

உன்
ஈரச்சட்டைக்காரன்