பட்டாணி பாலர் வகுப்புக்குப் போன வருஷம்

ஜனவரி 12, திங்கள்

மகள் பட்டாணியை இன்று பாலர் வகுப்பில் விட்டேன். வயது ஐந்தாகிவிட்டது. பிறந்தபோது இருந்த அளவைப் பார்த்து வைத்த செல்லப் பெயர், இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பள்ளி வாசலில் கேட் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொன்று போய் ஒட்டிக்கொள்கிறது. பதினான்கு வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். நடு மாடியில் சிக்கிய கதவுகளை எத்தனையோ திறந்திருக்கிறேன். இந்த இரண்டு கைகளைத் திறக்கத் தெரியவில்லை.

டீச்சர் வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், பருத்த உடம்பு, வலது முழங்காலில் பட்டை. மெல்ல மண்டி போட்டு அவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "எனக்குக் கை வலிக்குது. உனக்கு?" என்றார்.

"எனக்கும்."

"அப்ப விட்டுடலாமா?"

விட்டுவிட்டார்கள்.

மாலையில் மனைவியின் போன். நர்ஸிங் மேற்படிப்புக்காக வேறு ஊரில் இருக்கிறாள், நவம்பர் வரை. மாதத்துக்கு ஒரு தடவை வருவாள். "அழுதாளா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "நீங்க?" என்றாள். பேச்சை மாற்றினேன்.

பிப்ரவரி 6, வெள்ளி

ஒரு மாதம் ஆகப்போகிறது. அவள் பள்ளி நோட்டைத் திறந்தால் வெள்ளை வெளேர் என்று இருக்கிறது.

"இன்னிக்கு என்ன பண்ணின?"

"தண்ணி ஊத்தினேன்."

"நேத்து?"

"தண்ணி ஊத்தினேன்."

இதற்கா சீருடை, பை, ஷூ? டீச்சரிடமே கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஒரு ஜாடியிலேர்ந்து இன்னொண்ணுக்கு மாத்தி ஊத்தறாங்க சார். சிந்தினா அவங்களே துடைக்கணும். மணிக்கட்டு உறுதியானாத்தான் பென்சில் நிக்கும்."

"சரிங்க. வருஷக் கடைசில நாங்க என்ன எதிர்பார்க்கலாம்?"

கொஞ்சம் யோசித்தார். "எழுத்தெல்லாம் வந்துடும், அதுக்குக் கவலையே வேண்டாம். உங்க பொண்ணு இப்பத் தோத்தா விளையாட்டையே கலைச்சுடறா. அது மாறும். அதைத்தான் நான் பாத்துட்டிருக்கேன்."

தலையை ஆட்டினேன். மனசு ஆடவில்லை.

பிப்ரவரி 7, சனி

அக்கா மகன் ஐம்பது வரை எழுதுகிறான். அக்கா வீடியோ அனுப்பியிருக்கிறாள். மூன்று தடவை பார்த்தேன்.

மார்ச் 11, புதன்

பள்ளியிலிருந்து போன். பட்டாணி ஒரு பையனைக் கடித்துவிட்டாள். கையில் பல் பதிந்துவிட்டதாம்.

எட்டாவது மாடி மோட்டார் அறையில் இருந்தேன். வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வழியெல்லாம் மன்னிப்பு வாசகம் தயார் செய்துகொண்டு போனேன். அந்தப் பையனின் அம்மா என்ன சொல்வாரோ, டீச்சர் என்ன சொல்வாரோ — ஒற்றை ஆளாக வளர்க்கிறான், அதான் இப்படி என்றுதானே நினைப்பார்கள்?

போய்ப் பார்த்தால், மூலையில் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். பையன் கையை நீட்டியிருந்தான். பட்டாணி ஈரத்துணியை அவன் கைமேல் வைத்துப் பிடித்திருந்தாள். அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. டீச்சர் அவனிடம், "போதுமா, இன்னும் வேணுமா? நீதான் சொல்லணும்" என்றார். அவன் ரொம்ப நேரம் யோசித்து, "இன்னும் கொஞ்சம்" என்றான். அவள் துணியை மறுபடி நனைத்துக்கொண்டு வந்தாள்.

"ஸாரி சொல்லச் சொல்லலையா?" என்று நான் கேட்டேன்.

"சொல்லச் சொன்னா ரெண்டு எழுத்துல முடிஞ்சுடும் சார். இது பத்து நிமிஷமா நடக்குது."

வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். சொல்லியிருக்கக் கூடாது. "கடிக்கிற அளவுக்கு விட்டு வெச்சிருக்காங்களா? என்ன ஸ்கூலுடா அது? என் பையன் ஸ்கூல்ல ஒரு இடம் இருக்கு. ஏப்ரல்ல நேர்முகம். இந்த நேரம் விட்டா அப்புறம் கிடைக்காது, பாத்துக்கோ."

மார்ச் 15, ஞாயிறு

மனைவியிடம் கேட்டேன். "நான் அங்க இல்லையே. இருக்கறவர் நீங்க. பாத்து முடிவு பண்ணுங்க" என்றாள். பெரிய நம்பிக்கை. அதைவிடப் பெரிய சுமை.

விண்ணப்பத்தை நிரப்பிவிட்டேன்.

ஏப்ரல் 18, சனி

நேர்முகம். பளபளவென்று தரை, சுவரெல்லாம் கோப்பைகள். ஒரு மேடம் பட்டாணி முன்னால் தாளும் பென்சிலும் வைத்து, "ஒண்ணுலேர்ந்து அம்பது வரைக்கும் எழுதும்மா" என்றார்.

எழுதினாள். பன்னிரண்டு வரை வந்தது. நின்றாள். அழுவாள், இல்லையென்றால் தாளைக் கிழிப்பாள். வீட்டில் சட்டைப் பட்டன் மாட்டாவிட்டாலே ரகளை செய்பவள்.

அவள் நிமிர்ந்து அந்த மேடத்தைப் பார்த்தாள். "இதுக்கு மேல எனக்குத் தெரியாது. நீங்க சொல்லித் தரீங்களா?"

மேடம் சிரித்தார். கெட்டவர் இல்லை, களைத்திருந்தார், அவ்வளவுதான். "இங்க தெரிஞ்சுக்கிட்டுத்தான் வரணும் கண்ணு. வெளியில இன்னும் முப்பது பேர் உட்கார்ந்திருக்காங்க." என் பக்கம் திரும்பி, "வீட்ல உட்கார வெச்சு எழுத வைங்க. ஒரு மாசத்துல வந்துடும். இடம் தரோம்" என்றார்.

இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியதுதானே?

பஸ்ஸில் பட்டாணி கேட்டாள்: "அப்பா, அந்த மேடம் டீச்சர்தானே?"

"ஆமா."

"அப்புறம் ஏன் சொல்லித் தரல?"

எனக்கும் இதற்கு மேல் தெரியாது என்று சொல்லலாம் போலிருந்தது. என்னால் ஒருநாளும் அப்படிச் சொல்ல முடிந்ததில்லை. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு பிரேக் அமைப்பு புரியாமலே தலையாட்டிவிட்டு, ஒரு வாரம் பயந்துகொண்டே திரிந்தேன். முப்பது வயது அப்போது. இவள் மூன்று மாதத்தில் இதை எங்கே கற்றாள்?

ஏப்ரல் 20, திங்கள்

டீச்சரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஒளிக்கப் பிடிக்கவில்லை. அவர் முகம் ஒருகணம் சுருங்கியது. பிறகு, "ஒரு நாள் காலைல வந்து பின்னால உட்காருங்க சார். பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார்.

மே 5, செவ்வாய்

என்னோடு வேலை செய்யும் கூட்டாளி — லிஃப்டின் மின் பேனல் வேலை பார்ப்பவர் — என் முறையையும் சேர்த்துப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். காலை முழுக்க வகுப்பில் இருந்தேன்.

இருபத்திரண்டு பிள்ளைகள். பொம்மை நாற்காலி ஒன்றில் முழங்கால் முகவாயில் இடிக்க உட்கார்ந்திருந்தேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள். டீச்சர் ஒருத்தியின் ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டே, திரும்பாமல், "குழாய் போதும்" என்கிறார். அறையின் மறுகோடியில் குழாய் மூடப்படுகிறது. எப்படித் தெரிந்தது?

பத்து மணிக்குக் கூச்சல் தாங்க முடியவில்லை. நானாக இருந்தால் மேஜையைத் தட்டியிருப்பேன். அவர் தரையில் உட்கார்ந்து, ரகசியம் சொல்லும் குரலில் ஒரு கதையைத் தொடங்கினார். யாருக்குமே கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதாலேயே ஒவ்வொருவராக நகர்ந்து வந்தார்கள். நானும் நாற்காலியை நகர்த்தினேன்.

ஒரு குழந்தையிடம் பேச வேண்டுமென்றால் அவர் மண்டி போடுகிறார். மேலிருந்து பேசுவதே இல்லை. அந்த முழங்காலோடு. எண்ணத் தொடங்கினேன், தொழில் புத்தி. மதியத்துக்குள் முப்பத்தொரு முறை இறங்கி ஏறினார், ஒவ்வொரு முறையும் முழங்கால் 'கடக்' என்றது. ஒரு பழைய லிஃப்ட் அந்தச் சத்தத்தோடு அத்தனை தடவை இறங்கி ஏறினால், நான் நிறுத்திப் பூட்டிவிட்டு வந்திருப்பேன்.

கிளம்பும்போது, "கால் வலிக்கலையா டீச்சர்?" என்றேன்.

"வலிக்கும் சார். ஆனா மேலேர்ந்து பாத்தா அதுங்க மண்டைதான் தெரியுது. கீழ போனாத்தான் மூஞ்சி தெரியுது."

அக்காவுக்குப் போன் செய்து இடம் வேண்டாம் என்றேன். "உன் இஷ்டம். பின்னால என்னைச் சொல்லாத" என்றாள். சொல்ல மாட்டேன்.

ஜூலை 2, வியாழன்

பரமபதம் ஆடினோம். தொண்ணூற்றெட்டில் பாம்பு கடித்தது அவளை. உதடு துடித்தது. காயை எடுத்துக் கீழே வைத்துவிட்டு, "உன் முறை" என்றாள்.

நான் வேண்டுமென்றே தோற்கலாமா என்று பார்த்தேன். வேண்டாம் என்று ஜெயித்தேன்.

ஆகஸ்ட் 21, வெள்ளி

இடது கை எழுத்து. வலது கையில் லிஃப்ட் கதவுப் பலகை விழுந்துவிட்டது. இரண்டு விரலில் கட்டு. பெரிதாக ஒன்றுமில்லை.

காலையில் சட்டை போட முடியாமல் நின்றேன். பட்டாணி கட்டில்மேல் ஏறி எனக்குப் பட்டன் போட்டுவிட்டாள். ஒன்று மாறிப்போய்விட்டது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து. பஸ் போய்விடும் என்று வாய் வரை வந்தது. நிறுத்திக்கொண்டேன்.

"எங்க வலிக்குதுன்னு சொல்லுப்பா. சும்மா முகத்தை அப்படி வெச்சுக்காத."

சொன்னேன்.

நவம்பர் 20, வெள்ளி

பாலர் வகுப்பின் கடைசி நாள். நூறு வரை எழுதுகிறாள்; பஸ் பலகைகளைச் சத்தம் போட்டுப் படித்து எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைக்கிறாள். எப்போது வந்தது இதெல்லாம்? நான் பார்த்துக்கொண்டே இருந்தும் வந்த நாளைப் பிடிக்க முடியவில்லை.

டீச்சரிடம் நன்றாகப் பேச வேண்டும் என்று இரண்டு நாளாக மனசுக்குள் எழுதி வைத்திருந்தேன். வாசலில் நின்றபோது "ரொம்ப நன்றிங்க" என்றேன், வெறுமனே.

"நல்ல பொண்ணு சார். நல்லாச் சண்டை போடுவா, நல்லாச் சமாதானம் ஆவா" என்றார். அதற்குள் யாரோ பின்னாலிருந்து அவர் புடவையை இழுத்தார்கள். மண்டி போட்டுவிட்டார்.

நவம்பர் 28, சனி

மனைவி மூட்டை முடிச்சோடு வந்துவிட்டாள். இனிப் போக வேண்டியதில்லை. பட்டாணி அரைமணி நேரம் கூச்சப்பட்டாள். அதன் பிறகு வாய் மூடவில்லை.

டிசம்பர் 9, புதன்

கூட்டாளியின் பெண் ஜனவரியில் அதே பாலர் வகுப்பில் சேர்கிறாள். "ஏம்ப்பா, என்ன சொல்லிக் குடுத்து அனுப்பறது? நீதான் ஒரு வருஷம் பாத்திருக்கியே" என்று கேட்டார். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

பெரிய பட்டியலே போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பிறகு, வகுப்புக்குப் போனவளையே கேட்போமே என்று தோன்றியது. "புதுசா வர்ற பாப்பாவோட அப்பா என்ன செய்யணும்னு கேக்கறாரும்மா. என்ன சொல்லட்டும்?"

பட்டாணி படம் வரைவதை நிறுத்தாமல் சொன்னாள்: "சாயங்காலம் லேட்டா வரவேணாம்னு சொல்லு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். மத்ததெல்லாம் டீச்சர் பாத்துப்பாங்க."

மனைவி என்னைப் பார்த்தாள். மூன்று மணிக்கு மணி அடிக்கும். நான் மூன்றரைக்கும் போயிருக்கிறேன், நாலுக்கும் போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு லிஃப்ட் காரணம். பட்டாணி ஒருநாளும் கேட்டதில்லை. இப்போதும் குறையாகச் சொல்லவில்லை. வண்ணப் பென்சிலை மாற்றிக்கொண்டே சொன்னாள்.

இந்த வருஷம் பிள்ளையும் கற்றாள், டீச்சரும் உழைத்தார். நடுவில் என் பங்கு இது ஒன்றுதான் இருந்திருக்கிறது.

ஜனவரி 11, திங்கள்

பட்டாணிக்கு அதே பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, முதல் நாள். கூட்டாளியின் பெண்ணுக்குப் பாலர் வகுப்பு, முதல் நாள்.

இரண்டரைக்குக் கூட்டாளியிடம் பேனலை மூடச் சொன்னேன். "இன்னும் ரெண்டு ஸ்க்ரூதான்பா" என்றார். அது நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும் என்றேன். பஸ் பிடித்தோம்.

பள்ளி வாசலில் எங்களுக்கு முன்னால் யாரும் வந்திருக்கவில்லை. மணி அடிக்க இன்னும் எட்டு நிமிடம் இருந்தது.