துறைமுக வாசலில் காய்ந்த சட்டைகள்

என் மேசைமேல், பழைய நாளிதழ்த் தாள் ஒன்றில், ஒரு பிடி பச்சைக் காப்பிக்கொட்டை கிடக்கிறது. அறை முழுவதும் அதன் வாடை. ஈரத்தோடு மடித்து வைத்து மறந்துபோன கோணிச் சாக்கு இப்படித்தான் நாறும். உனக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல வருடங்களுக்கு முன்னால் ஈப்போ சரக்கு முனையத்தில், இதே வாடை வீசிய ஒரு கொள்கலனுக்கு எதிரே, மூக்கைப் பொத்திக்கொண்டு நாம் இருவரும் நின்றோம். அன்று நீ ஒரு வார்த்தை பேசவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

கொட்டையைக் கொடுத்தவர் பாய். புந்தோங்கில் காப்பித்தூள் ஆலை வைத்துக்கொண்டு, உகாண்டாவிலிருந்து நம் சரக்குப் போக்குவரத்து அலுவலகம் வழியாகக் கொட்டை வரவழைக்கிறாரே, அதே பாய்தான். மறுபடியும் அவர் சரக்கு பூஞ்சணம் பிடித்து வந்திருக்கிறது. நம் முதலாளியும் மறுபடியும் கிழக்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களை ஒப்பிட்டுத் திரையில் படம் காட்டத் தொடங்கியிருக்கிறார். எது நவீனம், எது வேகம், எது நாளைய துறைமுகம் என்று. அந்த வாரமே என்னைக் கூப்பிட்டு, நிறுவனத்தின் ஆண்டு மலரில் உன்னைப் பற்றி அரைப்பக்கம் எழுதச் சொன்னார்.

"நல்லா எழுதும்மா. அமைதியான பொண்ணு, யாரையும் எதுத்துப் பேசாது, அப்படிப் போடு. படம் நான் தாரேன்."

அவர் தந்த படத்தில் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, நீல நிறப் பாரந்தூக்கிகளுக்கு முன்னால், கையைக் கட்டிக்கொண்டு அவரே நிற்கிறார். ஓரத்தில் உன் முழங்கை தெரிகிறது. முழங்கைக்கு அரைப்பக்கம் தாராளம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. மலருக்கு நான் எதுவும் எழுதித் தரவில்லை. எழுத வேண்டியதை உனக்கே எழுதுகிறேன்.

அந்தப் படம் எடுத்த பயணத்துக்குப் போவதற்கு முன்னால் நீ எப்படி இருந்தாய் என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவளுக்கு ஆப்பிரிக்கா போகக் கிடைத்திருக்கிறது என்று அலுவலகமே உன்னைக் கேலி செய்தது. நீயும் சேர்ந்து சிரித்தாய். உகாண்டாவுக்குக் கடல் கிடையாது. அங்கே விளைகிற கொட்டை லோரியில் நெடுந்தூரம் வந்து கரையில் ஏதாவது ஒரு துறைமுகத்தில்தான் கப்பல் ஏற வேண்டும். எந்தத் துறைமுகம் என்று பார்த்துச் சொல்லத்தான் முதலாளிக்கும் உனக்கும் பயணம். அந்தக் கரையில் மொம்பாசா, தார் எஸ் சலாம் என்று பெரிய பெயர்கள் உண்டு, சின்னப் பெயர்களும் உண்டு. நீங்கள் ஒப்பிட்ட இரண்டு எவை என்று நான் இங்கே எழுதப்போவதில்லை. நீ வைத்த பெயர்களே எனக்குப் போதும். ஒன்று மூத்தவள், இன்னொன்று இளையவள்.

மூத்தவளிடம் இருந்ததெல்லாம் பழைய பாரந்தூக்கிகளும் துருப்பிடித்த கூரைகளும் சாயம் போன சுவர்களும்தான். இளையவளிடம் எல்லாமே புதிது. வாசலில் கேமரா, உள்ளே குளிர் அறை, அறை நிறையக் கணினித் திரை. முதலாளி பெண் பார்க்கப் போனவரைப் போலத்தான் போனார். நகையைப் பார்த்தார், பலகாரம் சாப்பிட்டார், படம் எடுத்துக்கொண்டார், சம்மதம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் இளையவளின் பாரந்தூக்கி எத்தனை பெட்டி தூக்குகிறது என்று அவர்கள் கொடுத்த எண்ணைத் திருநீறு மாதிரி நெற்றியில் பூசிக்கொண்டு திரிந்தார். அந்த எண் பொய்யில்லை. கப்பலிலிருந்து பெட்டி வேகமாகத்தான் இறங்கியது. ஆனால் பாயின் கொட்டை கப்பலில் வந்து இறங்குகிற சரக்கு இல்லையே. அது லோரியில் வந்து வாசல் வழியாக உள்ளே போக வேண்டிய சரக்கு. இந்தச் சின்ன விஷயம் அவர் மண்டையில் ஏறவே இல்லை. தலைக்கவசம் மறைத்துவிட்டதோ என்னவோ.

நீ மட்டும் பலகாரத் தட்டை வைத்துவிட்டு வாசலுக்கு வெளியே நடந்து போனாய். அன்று சாயங்காலம் எனக்குப் போன் செய்தாய்.

"அடியே, இங்க லோரிக்காரங்க சட்டை துணியெல்லாம் தொவச்சுக் காயப்போட்டிருக்காங்கடி. லோரிக்கு லோரி கயிறு கட்டி."

"அதுக்கு என்ன இப்போ?"

"என்னவா? இன்னிக்கே உள்ள போயிட்டு வரப்போறவன் துணி தொவப்பானா லா?"

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. நீதான் சொன்னாய். உன் தோட்டத்தில் விடிவதற்குள் எல்லாரும் பால்மரம் வெட்டப் போய்விடுவார்கள். துணி துவைப்பதெல்லாம் வேலை முடிந்து வந்த பிறகுதான். காலையிலேயே ஒரு வீட்டுக் கொடியில் ஈரத்துணி தொங்கினால், அந்த வீட்டு ஆள் வேலைக்கு மட்டம் போட்டுவிட்டான் என்று அர்த்தம். வேலையாட்களை மேய்க்கிற மண்டோர் லயத்து வீடுகள் வழியாக சைக்கிளில் போகும்போதே கொடியைப் பார்த்துப் பெயரைச் சொல்லிவிடுவாராம். யார் வீட்டுக் கதவையும் தட்ட மாட்டாராம். அந்த மண்டோரை வாழ்நாள் முழுவதும் திட்டிக்கொண்டே இருந்தவள், அவர் கண்ணையே வைத்து ஒரு துறைமுகத்தை அளந்துவிட்டாய். மூத்தவளின் வாசலில் கயிறும் இல்லை, துணியும் இல்லை. டீ கேட்ட ஓட்டுநர் ஒருவர், அது வருவதற்குள் முறை வந்துவிட்டதென்று வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று சொல்லிச் சிரித்தாய்.

"கப்பல் பக்கத்துலேர்ந்து பாத்தா எல்லாத் துறைமுகமும் அழகுதான்டி. வாசப் பக்கம் வந்து பாக்கணும்." இது நீ சொன்னது.

திரும்பி வந்ததும் கூட்டம் நடந்தது. பாய் வந்திருந்தார். முதலாளி திரையில் இரண்டு துறைமுகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இளையவளுக்குப் பச்சையும் மூத்தவளுக்குச் சிவப்புமாகக் கட்டம் கட்டமாகக் காட்டினார். எல்லாம் முடிந்த பிறகு நீ எழுந்தாய்.

"பாய், புதுசு வேணாம். வாசல்ல லோரி நாள்கணக்கா நிக்குது, ஓட்டுறவங்க துணி தொவச்சுக் காயப்போடறாங்க. வெயில்ல பெட்டி உள்ளுக்குள்ள வேர்த்துடும். கொட்டை தாங்காது."

முதலாளி உன்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாய், நான் கிரேனைப் பாத்துட்டு வந்தேன். இவங்க கோவணத்தப் பாத்துட்டு வந்திருக்காங்க. தோட்டத்துப் புத்தி எங்க லா போகும்?"

அறையே சிரித்தது. பாயும் சிரித்தார். யாரையும் எதிர்த்துப் பேசாத பொண்ணு என்று இப்போது எழுதச் சொல்கிறாரே, அந்த மனிதர் சொன்னது இது.

இளையவள் வழியாகவே கொள்கலன் வந்தது. கதவைத் திறந்தோம். மேல் வரிசைச் சாக்குகளில் வெள்ளைப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. நீ தயாரித்த சரக்குக் காகிதங்கள் தாமதமாகப் போனதால்தான் சரக்கு தேங்கிவிட்டது என்று முதலாளி பாயிடம் சொன்னார். காகிதம் நேரத்தோடு போனது எனக்குத் தெரியும். உன் பக்கத்து மேசையிலிருந்து அனுப்பியவளே நான்தான். அதை அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். உன் வேலையைப் பார் என்றார். பாயிடம் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பியவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தவள் நீ.

"விடுடி. பாய் வெவரமானவரு. ஒரு நாள் அவரே வந்து கேப்பாரு. கேட்டா சொல்லிக்கலாம்."

என்ன நம்பிக்கை அது! அதை நான் அன்றும் மதிக்கவில்லை, இன்றும் மதிக்கவில்லை. அதற்குப் பிறகு நீ அந்த அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம், காகிதத்தைத் தாமதமாக அனுப்பியவள் என்ற பெயரோடுதான் இருந்தாய். புதிதாக வந்தவர்கள்கூட உன் காகிதங்களை மறுமுறை சரிபார்த்தார்கள். பாய் மாதம் தவறாமல் வந்தார், டீ குடித்தார், போனார். கேட்கவில்லை. பிறகு உனக்குச் சிறுநீரகம் கெட்டது. மருத்துவமனைப் படுக்கையிலும், "பாய் சரக்கு ஒழுங்கா வருதாடி?" என்றுதான் கேட்டாய். பாயும் சரக்கும் நாசமாகப் போகட்டும் என்று கத்தியதில் தாதி வந்து என்னை வெளியே அனுப்பிவிட்டாள்.

உன் சாவுக்கு முதலாளி கதவில் நுழையாத அளவுக்கு ஒரு மலர் வளையம் கொண்டுவந்தார். "குடும்பத்துல ஒருத்தர இழந்துட்டோம்," என்று சொல்லிக்கொண்டே போனில் பேச வெளியே போனார். பாயும் வந்தார். உள்ளே வராமல் சாலையிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டார். ஏன் என்று அப்போது புரியவில்லை.

முந்தாநாள் புரிந்தது. பூஞ்சணம் பிடித்த சரக்கைப் பார்க்கச் சொல்லி ஆலைக்குக் கூப்பிட்டிருந்தார். இந்தக் கொட்டையைக் கையில் கொடுத்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"அந்தப் பொண்ணு இருந்திருந்தா எந்தத் துறைமுகம்னு சரியா சொல்லியிருக்கும் தங்கச்சி."

"அவதானே காகிதத்த லேட்டா அனுப்பி உங்க சரக்கக் கெடுத்தவ?"

பாய் அரைக்கும் இயந்திரத்தைத் துணியால் துடைத்தார். ஏற்கெனவே துடைத்த இடத்தையே துடைத்தார். "அது அப்படி இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும். உகாண்டாவுல கொட்டை குடுத்த ஆளு கம்பாலாவுலேர்ந்து போன் பண்ணுனான். லோரி வாசல்லயே கெடந்துச்சுன்னு சொன்னான்."

"தெரிஞ்சும் ஏன் அவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"ஒங்க பாஸ் மொகத்துல அடிச்ச மாதிரி ஆயிடும்ல. எத்தன வருசப் பழக்கம். நாளைக்கு அவரப் பாத்து நான் சிரிக்கணும்ல."

நீ அத்தனை வருடம் காத்திருந்த பெரிய மனிதர் இவர்தான். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்ள இரண்டு ஆண்களுக்கு உன் பெயர் செலவாகியிருக்கிறது. இதில் பூஞ்சணம் எது, கொட்டை எது என்று எனக்கு விளங்கவில்லை.

"இப்ப நீ சொல்லும்மா," என்றார். "அது சொல்லிக் குடுத்தது ஒனக்குத் தெரிஞ்சிருக்கும்ல. எந்தத் துறைமுகம்?"

"ஆபீசுக்கு வாங்க பாய். எல்லாரும் இருக்கும்போது, பாஸ் முன்னாடி, தப்பு அவளுது இல்லன்னு சொல்லுங்க. அப்புறம் சொல்றேன்."

"செத்துப்போனவங்களுக்கு இனிமே என்னம்மா ஆகப்போவுது?"

"அவளுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல. காரியம் ஒங்களுக்குத்தானே ஆகணும்?"

வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். நேற்று வந்தார். உன் மேல் இருந்த மரியாதையில் வந்தார் என்று நீ சொல்வாய். சரக்கின் மேல் இருந்த பயத்தில் வந்தார் என்று நான் சொல்வேன். முதலாளி திரையைப் போட்டுக்கொண்டிருந்தபோது பாய் எழுந்து நின்றார்.

"அன்னிக்கு எஞ்சரக்கு கெட்டதுக்கு அந்தப் பொண்ணு காரணமில்ல. அது சொன்னதுதான் சரி. எனக்குத் தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல."

முதலாளிதான் முதலில் பேசினார். "யாரு இல்லன்னு சொன்னா? நான் எப்ப அவளக் குறை சொன்னேன்?" என்று எங்கள் எல்லாரையும் சுற்றிப் பார்த்தார். அவருக்கு வெட்கம் என்ற உறுப்பே இல்லை. ஆனால் உன் காகிதங்களை மறுமுறை சரிபார்த்துக்கொண்டிருந்த கணக்குப் பிரிவுப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

பாய் என் பக்கம் திரும்பினார். "சரி, சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு. பழசா, புதுசா?"

"எனக்குத் தெரியாது பாய்."

"என்னது?"

"அவ பாத்தது அந்த வருசத்து வாசல. இப்ப ரயில் போட்டிருக்கலாம், ரோடு மாறியிருக்கலாம், புதுசு வேகமாயிருக்கலாம், பழசு கெட்டுப்போயிருக்கலாம். போய்ப் பாக்காம சொன்னா, எனக்கும் இந்தத் தெரைக்கும் என்ன வித்தியாசம்?"

முதலாளி சிரித்தார். பாய் சிரிக்கவில்லை. ஏமாற்றப்பட்ட ஆள் மாதிரி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்களும் இதத்தான் சொல்லியிருப்பாங்களா?" என்றார். ஆமாம் என்றேன்.

"அப்ப போய்ப் பாத்துட்டு வா," என்றார். "செலவு என்னோடது. வந்து நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்."

உன் பொறுமை எனக்கு வரவில்லை, வரவும் வேண்டாம். பார்க்காததைப் பார்த்தேன் என்று சொல்ல வாய் வராத அந்தப் பிடிவாதம் மட்டும் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. போகத்தான் போகிறேன். உள்ளதை உள்ளபடி பார்த்து வந்து பாயிடம் சொல்வேன். ஆனால் 'நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன்' என்று நேற்று என்னிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை, நீ கேட்கிற தூரத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை வருடங்களில் உன்னிடம் அவர் சொல்லவில்லை. நீ மன்னித்திருப்பாய். நான் மன்னிக்க மாட்டேன்.