உறையவைத்த கட்டி

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

தோளில் கட்டி என்றேனே, அது தசையில் அபூர்வமாக வருவதாம். புற்றுநோய் இல்லை, ஆனால் வெட்டினாலும் மறுபடி வளருமாம். அதனால் போன வாரம் ஊசிகளைச் செருகி உள்ளேயே உறையவைத்தார்கள். ஐஸ்பெட்டி மீன் போலக் கிடந்தேன், சிரிக்காதீர்கள். "கூட யாரும்மா வந்திருக்காங்க?" என்று நர்ஸ் கேட்டார். "அக்கா வெளிய இருக்காங்க" என்றேன். வெளியே காலி நாற்காலிகள்தான் இருந்தன.

"கட்டி முழுசா சாகல, இன்னொரு தடவை உறையவைக்கணும்" என்கிறார் டாக்டர். அம்மாவிடம் கரைந்துவிட்டது என்றே சொல்லுங்கள்.

கை மேலே எழவில்லை. கம்பெனியில் தையல் மெஷினிலிருந்து மாற்றி, நூல் வெட்ட உட்காரவைத்திருக்கிறார்கள். தலைவழியே எதையும் மாட்ட முடியவில்லை. முன்னால் பொத்தான் வைத்த உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், நீங்கள் போட்டுக் கழற்றியதாகவே இருக்கட்டும்.

கம்பெனி வேன் ஹாரன் அடிக்கிறது.

உங்கள் சின்னவள்