கை நனைக்காத அம்மானோடு அனுப்பும் ஓலை

மழை தப்பாத மலைக்கும், அம்மலையிலிருந்து இறங்கும் ஆறுகளுக்கும், அந்நீர் பாயும் வயல்களுக்கும் உரியவராய்க் குறிஞ்சிவாய் நாட்டைக் குடைநிழலில் காத்தருளும் வேந்தர், வேங்கைக் கொடியர், சொன்ன சொல் தவறாதவர் என்று குடிகளால் போற்றப்படும் பெருமகனார் நீலவெற்பர் திருமுன், அலைமுகத் துறையில் அந்நாட்டின் தூதுப்பணி ஏற்றிருந்தவளும் தேவரீருடன் ஒரே வயிற்றில் பிறந்தவளுமாகிய அணிமுகை வணங்கி விடுக்கும் ஓலை.

கோட்டைக்கு நலம் உண்டாகுக. அண்ணியார்க்கும், அவையோர்க்கும், ஆற்றங்கரை யானைகளுக்கும் நலம் உண்டாகுக. சொன்ன சொல் தவறாதவர் என்னும் பட்டத்தை முன்னைய ஓலைகளில் எழுதும்போது என் எழுத்தாணி நின்றதில்லை. இம்முறையும் எழுதினேன், ஓலைக்கு உரிய முறை என்பதால் மட்டுமே எழுதினேன்.

நடந்தவற்றில் பெரும்பகுதி தேவரீர் அறிந்ததே. ஆயினும் இவ்வோலை அவையில் படிக்கப்படும்போது கேட்போர் யாவரும் அறிய வேண்டும் என்பதால் முதலிலிருந்து சொல்கிறேன்.

அலைமுகத் துறை எவருக்கும் சொந்த ஊரன்று. வாணிகத்துக்கும் தூதுக்கும் வந்தவர்களே இங்கு வாழ்கிறார்கள். இங்கே நான் மணந்தவர் பனி பெய்யும் எல்வரைத் தீவினர், கப்பற்பாய் தைப்பவர், இவோரன் என்னும் பெயருடையவர். நம் மொழியை என்னிடம் கற்றார். தூதர் இல்லத்தில் கற்றதால் மரியாதைப் பேச்சு ஒன்றே அவருக்குத் தெரியும்; அடுக்களையில் நுழையும் பூனையையும் எழுந்து நின்று வாருங்கள் என்றே அழைப்பார். பணி உள்ளவர் மட்டுமே இத்துறையில் தங்கலாம் என்பது துறைமன்றத்தின் விதி. சென்ற காற்றுக்காலத்தில் அவருடைய பாய்ப்பட்டறை மூடப்பட்டது. அதன்பின் அவர் என்னோடு தங்க வேண்டுமாயின், என் கணவர் என்ற முறையில் துணைவர் இசைவு பெறுவது ஒன்றே வழியாயிற்று.

அவ்விசைவு எளிதில் கிடைப்பதன்று. இசைவுக்காகப் பொய்யாய்க் கூடியவர் பலர் உண்டென்று மன்றத்தார் எங்களை வேறுவேறு அறைகளில் இருத்தி ஒரே கேள்விகளைக் கேட்டனர். கஞ்சிக்கு முதலில் உப்பிடுபவர் யார், சன்னல் பக்கம் படுப்பவர் யார் என்றெல்லாம் கேட்டபின், மனைவிக்குக் கோபம் வந்தால் எப்படித் தெரியும் என்று அவரை வினவினார்களாம். "கோபம் இல்லை என்று சொல்லுவார்கள். பிறகு பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவுவார்கள்" என்றாராம் அவர். மன்றத்தில் மூத்தவர் சிரித்துவிட்டு, இது உண்மையான மணந்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம்.

எஞ்சியது ஒன்றே. மணமகளின் பிறந்தகம் அம்மணத்தைத் தன் குடிவழக்கப்படி ஏற்க வேண்டும் என்பது மன்றத்தின் கடைசி விதி. நம் வழக்கம் யாவரும் அறிந்தது. பெண்ணின் தாய்மாமன் அவள் புகுந்த வீட்டில் கை நனைக்க வேண்டும். அதாவது அவ்வீட்டு அடுப்பில் வெந்த சோற்றை உண்ண வேண்டும். பழமும் பாலும் எத்தனை உண்டாலும் கை நனைத்ததாகாது.

இதை வேண்டி நான் விடுத்த விண்ணப்பத்துடன் மற்றொரு செய்தியும் சொல்லி அனுப்பினேன். நான் கருவுற்றிருக்கிறேன் என்பதே அது. அதை முதலில் தேவரீருக்கே சொன்னேன். தமக்குப் பிள்ளை இல்லாத வேந்தர்க்குத் தங்கை வயிற்றுப் பிள்ளையே வழித்தோன்றல் என்பதால், அச்சொல்லைக் கேட்கும் உரிமை முதலில் தங்களுக்கே என்று எண்ணினேன். என் கணவர்க்கு மறுநாள்தான் சொன்னேன். அம்மான் வருவார், அரைக்கச்சை தளர உண்பார், கவலை வேண்டா என்று தேவரீர் மறுமொழி விடுத்தீர்கள். அதைக் கேட்டு நாங்கள் புது உலைப்பானை வாங்கினோம்.

அம்மான் செங்கோடனார் வந்தார். படகிலிருந்து இறங்கும்போதே என் கணவரை ஏற இறங்கப் பார்த்து, "என்ன தாயி, கொக்கையா கட்டிக்கிட்டே? ஆத்துல நிறுத்தினா மீன் பிடிக்குமா?" என்றார். பிடிப்பேன், ஆனால் உங்களுக்குத்தான் முதல் மீன் என்று இவர் கைகூப்பிச் சொல்ல, துறையில் நின்றவர் எல்லாரும் சிரித்தார்கள். அம்மானும் சிரித்தார். அந்தச் சிரிப்பு பொய்யன்று என்று இன்றும் நம்புகிறேன். அதை நம்பாமல் என்னால் இவ்வோலையை எழுத இயலவில்லை.

வீட்டுக்கு வந்ததும், எனக்குச் சுகப்பேறு வேண்டி நோன்பு பூண்டிருப்பதாகவும், மன்றத்தார் முன்னிலையில் எங்கள் சோற்றை உண்டே அந்நோன்பை முடிக்க எண்ணியிருப்பதாகவும், அதுவரை பழமும் பாலும் போதும் என்றும் அம்மான் சொன்னார். எனக்காக நோன்பா என்று கண் கலங்கினேன். வேறு நாட்டவள் ஒருத்தி ஐயம் கொண்டிருப்பாள். நம் குடியில் பிறந்தவள் நோன்பை ஐயுற மாட்டாள். அதை அறிந்தே அவ்வழி தேர்ந்தெடுக்கப்பட்டது.

என் கணவர் சந்தைக்குச் சென்று பலாப்பழம் தூக்கி வந்தார். பனித்தீவினர்க்குப் பலா ஏது? கைக்கு எண்ணெய் தடவாமல் அறுத்துப் பால் பிசின் தாடி வரை ஒட்டிக்கொள்ள, அதைக் கண்டு அம்மான் தாமே அருகில் அமர்ந்து, "எண்ணெ தடவு மாப்பிளே, இல்லேன்னா பழம் உன்னெத் தின்னுரும்" என்று கற்றுக் கொடுத்தார். மாப்பிள்ளை என்று அவர் வாயால் வந்தது. நாள்தோறும் சுளை எடுத்து, கொட்டை நீக்கி, இலையில் அடுக்கி வைத்தார் என் கணவர். அம்மான் அவற்றை உண்டார். சோறு வேகும் நேரங்களில் மட்டும் எழுந்து கடற்கரைக்குப் போய்விடுவார்.

மன்றத்தார் எங்கள் இல்லத்துக்கு வந்த நாளில் புதுப்பானையில் உலை வைத்தேன். இலை போட்டு, உப்பு வைத்து, சோறு இட்டோம். அம்மான் இலை முன் அமர்ந்தார். கையை மடியிலேயே வைத்திருந்தார். உண்ணுக என்று மன்றத்தில் மூத்தவர் சொன்னபோது, எவர் முகத்தையும் பாராமல், "வேந்தர் ஆணைப்படி சொல்லுதேன். இந்த வீட்டுல எங்க குடியில யாரும் கை நனைக்கலை. நனைக்கவும் மாட்டோம்" என்றார். இலையில் ஆவி பறந்துகொண்டிருந்தது. அப்படியே எழுந்தார்.

இசைவு மறுக்கப்பட்டது. காற்றுத் திரும்புமுன் இவோரன் துறையை விட்டு நீங்க வேண்டும் என்று ஆணையாயிற்று. பின்னர் அம்மான் என்னைத் தனியே அழைத்து, அண்ணன் உனக்குக் கெடுதல் நினைக்கவில்லை, பிள்ளை நம் மண்ணில் பிறந்து நம் அரண்மனையில் வளர வேண்டும், பாய் தைப்பவன் அரசனின் தந்தை என்று அவையில் வந்து உட்கார்ந்தால் நாடு சிரிக்கும், அவன் போகட்டும், உனக்குக் கப்பல் காத்திருக்கிறது என்றெல்லாம் சொன்னார். என் கணவரோ ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "பழங்கள் நன்றாக இல்லையா?" என்று கேட்டார்.

அண்ணா, ஓலை முறையை மீறி இங்கே ஒருமுறை அப்படி அழைக்கிறேன். வேண்டாம் என்று வெளிப்படையாக மறுத்திருந்தால் அழுதிருப்பேன், சண்டையிட்டிருப்பேன், வேறு வழி தேடியிருப்பேன். வருவதாகச் சொல்லி, என் பிள்ளையின் பெயரால் நோன்பு என்று சொல்லி, என் கணவர் கையால் உரித்த பழத்தை அம்மானை உண்ண வைத்து, என் வீட்டு இலையின் முன்னிருந்தே என் வீட்டை இல்லை என்று சொல்ல வைத்தீர்கள். பகைவரிடமும் தூதர்கள் இப்படிச் செய்வதில்லை. தூதுப்பணி செய்தவள் என்பதால் சொல்கிறேன்.

இனி அவை கேட்க வேண்டியது. பெண்ணின் தாய்மாமன் கை நனைத்து ஏற்காத மணத்தில் பிறந்த பிள்ளை குறிஞ்சிவாய் அரியணை ஏறாது என்பது நம் முன்னோர் விதி. கடலுக்கு அப்பால் சொன்ன சொல் கடலோடு போய்விடும் என்று தேவரீர் கருதியிருக்கலாம். சென்ற பஞ்சத்து ஆண்டில் மிளகு வணிகன் ஒருவன் அப்படி வாதிட்டான். தாய்மாமன் சொல் எம்மண்ணில் சொல்லப்பட்டாலும் நம் மண்ணில் சொல்லப்பட்டதே என்று தீர்ப்பளித்து அவன் வாயை அடைத்தவர் தேவரீர். அன்று தங்கள் அருகிலிருந்து அதை எழுதியவள் நான். ஆகவே அம்மான் சொன்ன அந்த ஒரு சொல், என் கணவரை இத்துறையிலிருந்தும், என் பிள்ளையைத் தங்கள் அரியணையிலிருந்தும் ஒருசேர விலக்கிற்று. முதலாவது தாங்கள் விரும்பியது. இரண்டாவதை எண்ணிப் பார்க்கவில்லை போலும்.

காத்திருக்கும் கப்பலில் நான் ஏறவில்லை. என் கணவருடன் எல்வரைத் தீவுக்குச் செல்கிறேன். அங்கும் அயல்நாட்டு மனைவி தங்குவதற்கு இசைவு வேண்டும். அங்கும் குடும்பம் ஏற்க வேண்டும். வருபவளின் அளவுக்குக் குளிர் அங்கி தைத்து வாசலில் தொங்க விடுவது அவர்கள் வழக்கம். இவருடைய தமக்கை மாரெத், என்னை ஒருமுறையும் கண்டிராதவர், மாலுமி ஒருவரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார். என் தோளின் அகலம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறார். வயிறு பெருத்தால் பொத்தான் போட இயலுமாறு அகலமாகத் தைக்கட்டுமா என்றும் கேட்டிருக்கிறார். அந்த மொழி எனக்குத் தெரியாது. அந்தக் குளிர் எனக்கு அச்சமாக இருக்கிறது. ஆயினும் செல்கிறேன்.

ஒருமுறை மறுத்த மாமன் பின்னர் கை நனைத்தாலும் அது செல்லாது. குடித்தலைவரே வந்து நனைக்க வேண்டும் என்பதும் நம் விதியே. ஆதலால் தேவரீர் விரும்பினால் தாங்களே எல்வரைத் தீவுக்கு எழுந்தருளலாம். இவர் தமக்கையின் வீட்டு மரத்தட்டில் சோறு இருக்கும், உப்பு இருக்கும், இவர் பிடித்த மீன் இருக்கும். என் கணவர் எழுந்து நின்று வாருங்கள் என்பார். அவர் எவரையும் அப்படித்தான் அழைப்பார். உண்பதும் உண்ணாததும் தங்கள் விருப்பம். பழம் மட்டும் உரித்துத் தரப்படாது.

தூதர் மோதிரத்தை அம்மான் கையில் ஒப்புவித்துவிட்டேன். ஆதலால் இவ்வோலையில் வேங்கை இலச்சினை இல்லை. கப்பற்பாய் தைக்கும் நூலால் கட்டி, முடிச்சில் மெழுகு உருக்கி, என் கட்டைவிரலை அழுத்தியிருக்கிறேன். இதுவே என் முத்திரை எனக் கொள்க. அவையில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு வரியும் விடாது படிக்க.

மோதிரம் கழற்றுமுன் வேந்தரின் கப்பல் தலைவர்க்கு நான் இட்ட கடைசி ஆணையும் இதன்கீழ்ப் பொறிக்கப்படுகிறது. அம்மான் செங்கோடனார் முதியவர். வந்த நாள்முதல் பழத்திலும் பாலிலுமே உயிர் வைத்திருந்து மெலிந்து போனார். கப்பல் கரையை விட்டதும் முதல் உலைச் சோற்றை அவர்க்கே இடுக. எங்கள் அடுப்பில் வெந்ததன்று என்று சொல்லி இடுக. உண்பார்.