கண்ணை மூடி உட்காரும் வேலை

மார்ச் 4
கண்காட்சிக் கூடத்தின் நடுவில் ஒரு ஸ்டூல். தோளும் முதுகும் முழங்காலும் தெரிய, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறேன். வருகிற பெண்கள், தங்கள் உடம்பைப் பற்றிப் பிறர் சொன்னதை என் உடம்பில் மையால் எழுதலாம். நான் பேசக் கூடாது. கண் திறந்தால் கூச்சப்படுவார்கள். விதியெல்லாம் நான் போட்டதுதான்.

இன்று வந்தவை: ‘கரிக்கட்டை’, ‘மலடி’, ‘குலுங்கிச் சிரிக்காதே’. குளிக்கும்போது தண்ணீர் கறுப்பாக ஓடியது. இந்த வேலையில் தவிர வேறெங்கும் என்னை யாரும் தொடுவதில்லை.

மார்ச் 6
கண்காட்சிக்கு வரச்சொல்லி அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். “ஊரே வேடிக்கை பாக்க உக்காந்திருக்க. அந்தக் கண்றாவிய நான் வேற வந்து பாக்கணுமா?” வைத்துவிட்டாள்.

யார் வந்து என்ன? அவள் வரவேண்டும்.

மார்ச் 7
யாரும் வரவில்லை. எழுத்தே இல்லாத உடம்போடு வீடு திரும்பினேன்.

மார்ச் 9
பின்னால் யாரோ வெகுநேரம் நின்றார்கள். எழுதவில்லை. முன்னால் வந்து என் பாவாடையை வெடுக்கென்று முழங்காலுக்குக் கீழே இழுத்துவிட்டார்கள். அப்படி இழுக்கிற கை உலகத்தில் ஒன்றுதான். அம்மாவா? இமை துடித்தது. திறக்கவில்லை. விதியாம், மண்ணாங்கட்டி!

காவலாளியிடம் கேட்டேன். “வயசான அம்மா ஒருத்தங்க. விடுவிடுன்னு போயிட்டாங்க.”

போன் செய்தேன். “நானா? எனக்கு வேற வேலை இல்லையா?” என்றாள். வைப்பதற்கு முன், “முதுகெல்லாம் அப்படித் தடிச்சுக் கெடக்கே, ஒரு மருந்து போட மாட்டியா?”

கண்ணாடி முன் கழுத்தைத் திருகிப் பார்த்தேன். ஆமாம், மையின் வேலை. எத்தனை நாளாக இருக்கிறதோ. பார்த்துச் சொல்ல இங்கே யார் இருக்கிறார்கள்?

மார்ச் 12
கடைசி நாள். கண்ணைத் திறந்தே உட்கார்ந்தேன். பாதிப் பேர் வாசலோடு திரும்பினார்கள். போகட்டும்.

சாயங்காலம் அம்மா வந்தாள். நேராக என்னிடம் வந்து, “கண்ண மூடு” என்று அதட்டினாள். மூடினேன். முதுகுப் பக்கம் போகவில்லை. என் வலது உள்ளங்கையை விரித்துப் பிடித்து, நிதானமாக எழுதினாள். கண் திறந்தபோது போய்விட்டிருந்தாள்.

‘உன் வயித்துல பொட்டைதான் தங்குமா?’

அவளுக்கு நான் ஒரே பிள்ளை.

கை கழுவாமல், ஸ்பூனால் சாப்பிட்டேன்.