களத்து முதலாளி

ஐப்பசி 2, திங்கள்

காலையில் வெயில் அடித்தது. அவித்த நெல்லைக் களத்தில் பரப்பி முடிக்கவும் தூறல். அடித்துப் பிடித்து அள்ளி, தார்ப்பாய் போட்டு மூடினோம். பொம்பிளையாட்கள் ஷெட்டில் ஒதுங்கினார்கள். வெயில் போனால் கூலியும் போச்சு. ரைஸ்மில் வழக்கம் அது. மேஸ்திரி என்பதால் எனக்கு மட்டும் மாதச் சம்பளம்.

இருளாயி கேட்டாள்: "மாரியண்ணே, சர்க்காருல புதுசா கூலி கூட்டிருக்காகளாம்ல? வேலையத் தொட்டுட்டா, மழை வந்து நின்னாலும் முழுக்கூலி உண்டாம். வாடிப்பட்டி மில்லுல பேசிக்கிறாக."

முதலாளியிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். வாயைக் கொடுத்திருக்க வேண்டாம்.

முழங்கால் வலி. பல வருஷம் உழைத்தவனுக்கு மொத்தமாகப் பணம் கொடுக்கும் பணிக்கொடைச் சட்டம் வந்திருப்பதால் தைரியம். அதை வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிடலாம்.

ஐப்பசி 4, புதன்

மூட்டம். முதலாளி கூப்பிட்டார். நாற்காலி போடச் சொன்னார். எனக்கு! கூலி விஷயம் கேட்க வாயெடுப்பதற்குள் கழுத்தில் மாலை விழுந்தது.

"இன்னைலருந்து களம் ஒனக்குக் காண்ட்ராக்ட்டு, மாரி. மூட்டைக்கு இம்புட்டுன்னு வாங்கிக்க. ஆளுக ஒன் ஆளுக. இனி நீயும் மொதலாளிதான்!"

தட்டில் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு. வாங்கிக்கொண்டேன். வெற்றிலை பாக்கு வாங்கினால் வாக்குக் கொடுத்த மாதிரி. பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

வீட்டில் என் பெண்சாதி ராக்கு வேட்டியைத் தடவிப் பார்த்தாள். "கால மடக்க முடியல, இதுல மொதலாளியாம்." அவள் வாய்க்கு நல்லதே வராது.

ஐப்பசி 7, சனி

மூன்று நாளாக, பரப்புவதும் அள்ளுவதும். மழை விட்டபாடில்லை. ரேஷனில் மண்ணெண்ணெய் இல்லை. முழங்காலுக்குத் தேய்க்கும் எண்ணெயும் தீர்ந்தது. பெண்கள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள்.

ஐப்பசி 9, திங்கள்

தூறல். மில்லுக்கு லேபர் ஆபீசர் வந்தார். இருளாயி மனுக் கொடுத்திருக்கிறாள். விசாரிக்கும்போது முதலாளி பக்கத்திலேயே நின்றார்.

"களத்து ஆளுகளுக்கும் மில்லுக்கும் சம்பந்தமில்லைங்க. மாரிதான் காண்ட்ராக்டர். இன்னைக்கு நேத்தா, ஆரம்பத்துலருந்தே."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "அப்படியாங்க?"

இடுப்பில் முதலாளி கொடுத்த வேட்டி. தாம்பூலம் வாங்கிய கை. அவர் சொல்லி நான் இல்லை என்று சொன்னதே கிடையாது. "ஆமாங்க" என்றேன். பெண்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப மழை நாள் கூலி நீங்கதான் குடுக்கணும். இல்லைன்னா நோட்டீஸ் உங்களுக்குத்தான் வரும்."

என் பணிக்கொடை? மெதுவாகக் கேட்டேன்.

"அது தொழிலாளிக்குங்க. காண்ட்ராக்டருக்குக் கிடையாது."

ஆபீசர் போனதும் முதலாளியிடம் போய் நின்றேன். "அது ஒம்பாடுப்பா" என்றார். நாற்காலியைக் காணோம்.

கொடுக்க என்னிடம் என்ன இருக்கிறது? வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி 11, புதன்

நல்ல வெயில். நெல் காயப்போட இதைவிட நாள் வாய்க்காது. களத்தில் ஒருத்தரும் இல்லையாம். எல்லாரும் என் வீட்டு வாசலில். மில் வாசலில் இல்லை.

உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன். இருளாயி குரல்.

"மழை நாளுக் கூலிய வாங்காம நாங்க போறதா இல்ல, மொதலாளி."

ராக்கு செம்பில் தண்ணீர் கொண்டுபோனாள். வெயிலில் நிற்கிறார்களே என்று.

அப்படியே திரும்பக் கொண்டுவந்து வைத்தாள். ஒருத்தியும் வாங்கவில்லை.