தொட்டுவைத்த விரல்

அன்புள்ள பூங்கோதைக்கு,

பிள்ளை பால் குடிக்கிறானா? உடம்பு சுடுகிறதா? சுடாவிட்டாலும் இன்றே டாக்டரிடம் தூக்கிப்போ. இதைக் கொண்டுவரும் ராஜாங்கத்திடமே பதில் கொடுத்தனுப்பு.

எனக்கு ஒன்றுமில்லை, போன மாதம் வந்த அந்த டைபாய்டுதான் திரும்பியிருக்கிறது. ஐந்தாம் நாளே காய்ச்சல் விட்டதும் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேனே, அதோடு மீதி மாத்திரையைப் போடாமல் செராமிக் சூளை வேலைக்குப் போய்விட்டேன்.

"கிருமி வயித்துலயே இருந்திருக்குது. உன் கையால யாருக்காவது எதனா ஊட்டுனியா?" என்று இங்கே டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

போன ஞாயிறு, பெண்ணாடத்தில் பிள்ளை பிறந்ததும் நாக்கில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டுவைக்க உன் அண்ணன்தான் வந்து நின்றார். நான்தான் வைப்பேன் என்று அடம்பிடித்தேன்.

நீ பார்த்துக்கொண்டுதானே படுத்திருந்தாய். அதற்கு முன் நான் கை கழுவினேனா?

உன் வீட்டுக்காரன்